தோரியத்துக்கு லீவு கிடையாது

பாரிஸ் இயற்கை வரலாற்று மியூசியத்தில் பௌதிகப் பேராசிரியர் நாற்காலி ஒன்று இருந்தது. முதலில் அதில் தாத்தா பெக்கரல் உட்கார்ந்தார். அடுத்து அப்பா பெக்கரல். அடுத்து ஆன்ரி பெக்கரல். ஆன்ரி கண்ணை மூடியதும் அவர் மகன் ழான். வாரிசு அரசியலில் நம் கட்சிகள் இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அப்பா பெக்கரல், ஒளி பட்டால் மினுங்கும் யுரேனிய உப்புகளை ஆராய்ந்தவர். ஆகவே ஆன்ரிக்குச் சொத்தோடு சொத்தாக யுரேனியமும் வந்து சேர்ந்தது. 1896 ஜனவரியில் எக்ஸ் கதிர் பற்றிய செய்தி ஊரெல்லாம் அடிபட்டபோது அவருக்கு ஒரு யோசனை: வெயில் பட்டு மினுங்கும் இந்த உப்பிலிருந்தும் அதே கதிர் வருமோ? போட்டோ தகட்டைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி, மேலே உப்பை வைத்து, வெயிலில் வைத்தார். தகட்டில் நிழல் விழுந்தது. சூரிய பகவானின் கருணை என்று அறிவியல் அகாதமியில் போய்ச் சொல்லியும் விட்டார். பிப்ரவரி கடைசியில் பாரிஸ் வானம் மூடிக்கொண்டது. வெயில் இல்லை, வேலையும் இல்லை. உப்பையும் தகட்டையும் டிராயருக்குள் தள்ளிவிட்டுப் போனார். மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. என்ன தோன்றியதோ, வெயிலே காட்டாத அந்தத் தகட்டைக் கழுவிப் பார்த்தார். மங்கலாக ஏதாவது தெரியலாம் என்று நினைத்தவர் முன்னால் பளிச்சென்று படம் நின்றது. சூரியனுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. கதிர் யுரேனியத்தின் சொந்தச் சரக்கு.

ஆக, கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது யாரும் பார்க்காதபோது, ஒரு டிராயருக்குள். தற்செயல் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அடுத்த ஆறேழு வருஷக் கதையைப் பாருங்கள். மகான்கள் மாய்ந்து மாய்ந்து கவனித்தபோது வாயைத் திறக்காத அணு, அவர்கள் கதவைச் சாத்த மறந்தபோதும் லீவில் போனபோதும்தான் உண்மையைக் கக்கியிருக்கிறது.

நடுவில் 1898இல் கியூரி தம்பதி பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள். ஒழுகும் கொட்டகை, டன் கணக்கில் தாது, ராப்பகலாகக் கிளறல். அந்தக் கதை பாடப்புத்தகங்களில் போதிய கண்ணீரோடு இருக்கிறது. நாம் கனடாவுக்குக் கப்பல் ஏறுவோம்.

மாண்ட்ரீலில் மெக்கில் பல்கலைக்கழகம். அதற்குப் பணத்தை வாரிக் கொடுத்தவர் வில்லியம் மெக்டொனால்டு. புகையிலை விற்றே கோடீஸ்வரர் ஆனவர். புகைபிடிப்பது அருவருப்பான பழக்கம் என்பது அவருடைய அசைக்க முடியாத கொள்கை. அந்தக் காசில் கட்டிய பௌதிகக் கட்டடத்துக்கு 1898இல் பேராசிரியராக வந்து சேர்ந்தவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. வயது 27. நியூஸிலாந்தின் நாட்டுப்புறத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்க உதவித்தொகை கிடைத்த சேதி வந்தபோது உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தாராம். மண்வெட்டியை வீசிவிட்டு, இனிமேல் கிழங்கு தோண்ட மாட்டேன் என்று சபதம் செய்தாராம். குரல், நுட்பமான கருவிகளை ஆட்டிவிடும் அளவுக்குக் கனமானது. வாயில் எந்நேரமும் பைப். படியளக்கும் முதலாளி வருகிறார் என்று தகவல் வந்தால் பேராசிரியர் ஆய்வகம் முழுக்க ஓடி ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பைப்புகளை ஒளித்து வைக்கச் சொல்வார். கனடாவின் குளிரில், புகையிலைப் பிரபுவுக்குப் புகை தெரியாமல் இருக்க.

ஜன்னல், கதவு திறப்பதற்கும் இந்தக் கதைக்கும் ஏதோ பூர்வஜென்ம பந்தம். அங்கே மின் பொறியியல் பேராசிரியராக ஓவன்ஸ் என்று ஒருவர். அவர் 1899இல் தோரியத்தின் கதிர்வீச்சை அளக்க முயன்றார். கதவு சாத்தியிருந்தால் ஓர் அளவு; யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்தால் வேறு அளவு. யுரேனியம் இப்படியெல்லாம் படுத்தவில்லை. ஒழுங்கான ஆளாக இருந்தால் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். ஓவன்ஸ் இதை ரூதர்ஃபோர்டிடம் சொல்ல, அவர் யோசித்தார். கதிர் காற்றில் பறக்காது. காற்றடித்தால் கலைகிறது என்றால் அது கதிரே அல்ல, தோரியத்திலிருந்து கசியும் ஒரு வாயு. அந்த வாயுவும் கதிர் வீசுகிறது, ஒரு நிமிஷத்துக்குள் பாதி வீரியத்தை இழக்கிறது. 'எமனேஷன்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு பெயர் வைத்தார். என்னவென்று தெரியாத பொருளுக்கு அதைவிடப் பத்திரமான பெயர் கிடையாது.

ஏன் தோரியம் என்றால், அது அன்று மலிவாகக் கிடைத்தது. காஸ் விளக்கின் மாண்டில், அதாவது நம்மூர்க் கல்யாண ஊர்வலங்களில் பெட்ரோமாக்ஸுக்குள் பளபளத்த அந்த வலைப்பை, எரிந்தபின் மிஞ்சுவது ஏறக்குறைய முழுக்கத் தோரியம் ஆக்ஸைடுதான். ஐரோப்பாவையே அது ஒளிரவைத்துக்கொண்டிருந்தது. சில வருஷம் கழித்து, 1909இல், ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, இதில் தோரியம் இருக்கிறதே என்று மணவாளக்குறிச்சிக் கரைக்கே வந்து இறங்கினார். நார் வாங்கினால் அணுசக்தி இலவசம்.

ரூதர்ஃபோர்டுக்கு வேதியியல் சுத்தமாக வராது. துணைக்கு ஒரு வேதியியல்காரர் வேண்டியிருந்தது. வந்தவர் ஃபிரெடெரிக் ஸாடி, ஆக்ஸ்ஃபோர்டு, வயது 23. டொரன்டோவில் பேராசிரியர் வேலை காலி என்று கேள்விப்பட்டு, நேரில் போனால் கிடைத்துவிடும் என்ற வாலிப நம்பிக்கையில் கடல் தாண்டி வந்தவர். கிடைக்கவில்லை. ஊர் திரும்பும் வழியில் மாண்ட்ரீலில் கிடைத்த செய்முறை உதவியாளர் வேலையைப் பிடித்துக்கொண்டார். 1901 மார்ச்சில் மெக்கில் பௌதிகச் சங்கத்தில் இருவருக்கும் விவாதம். அணுவைவிடச் சிறிய சமாசாரங்கள் உண்டு என்று ரூதர்ஃபோர்டு. அணுவைப் பிளக்க முடியாது, வேதியியலின் அடிமடியில் கை வைக்காதீர்கள் என்று ஸாடி. அணு பிளவுபடாது என்று மேடையில் கர்ஜித்த இந்த மனிதரைத்தான் ஏழு மாசம் கழித்து ரூதர்ஃபோர்டு கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்.

முதல் வேலை, அந்த மர்ம வாயு யாரென்று கண்டுபிடிப்பது. ஸாடி அதைச் செஞ்சூடான பிளாட்டினத்தின் மேல் ஓட்டினார். ஈய குரோமேட்டின் மேல் ஓட்டினார். சூடான மெக்னீசியப் பொடியின் மேல் ஓட்டினார். எதனோடும் சேரவில்லை, எதற்கும் அசையவில்லை. அப்போது தெரிந்த வாயுக்களில் இப்படி யாரோடும் ஒட்டாமல் திரிவது ஆர்கான் குடும்பம் ஒன்றுதான். தோரியம் ஓர் உலோகம். அதிலிருந்து ஆர்கான் ஜாதி வாயு எப்படி வரும்? ஸாடிக்கு வியர்த்துவிட்டது. இது ரசவாதம், ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்று கூவினாராம். அந்த வார்த்தையைச் சொல்லித் தொலைக்காதே, ரசவாதிகள் என்று நம் தலையைச் சீவிவிடுவார்கள் என்று ரூதர்ஃபோர்டு பதறினாராம். ஸாடி பல வருஷம் கழித்து நினைவுகூர்ந்த சம்பவம் இது. கொஞ்சம் பாலிஷ் ஏறியிருக்கும். ஆனால் பயம் நியாயமானது. ஈயத்தைத் தங்கமாக்குகிறேன் என்று இரண்டாயிரம் வருஷமாக ராஜாக்களை மொட்டையடித்த கூட்டத்தை அப்போதுதான் வேதியியல் வீட்டைவிட்டு விரட்டியிருந்தது.

இப்போது லீவுக்கு வருவோம். 1901 டிசம்பர். தோரியம் நைட்ரேட் கரைசலில் ஸாடி அம்மோனியாவை விட்டார். தோரியம் வெள்ளை வெளேரென்று திரிந்து அடியில் இறங்கியது. வடிகட்டினார். வடிந்த தண்ணீரில் தோரியம் அறவே இல்லை என்று எந்தப் பரிசோதனையும் சொல்லும். அதைச் சுண்டக் காய்ச்சி, மிஞ்சிய அம்மோனிய உப்பையும் சூட்டில் ஓட்டிவிட்டால் கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுமில்லை. ஆனால் கதிரியக்கத்தில் பெரும் பங்கு இந்த ஒன்றுமில்லாததில்தான் இருந்தது. அசல் தோரியமோ சோர்ந்து கிடந்தது. இந்த ஒன்றுமில்லாததற்கு 'தோரியம் எக்ஸ்' என்று பெயரிட்டார்கள். சரி, தோரியத்துக்குச் சொந்தமாகக் கதிரியக்கமே இல்லை, எக்ஸ் என்ற அழுக்கு ஒட்டிக்கொண்டுதான் பேர் வாங்கியிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டு, இரண்டு பொருளையும் தனித்தனியே வைத்துவிட்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால் எக்ஸ் செத்துக் கிடக்கிறது. அதை இழந்து சோர்ந்திருந்த தோரியம் பழையபடி கொழுகொழுவென்று கதிர் வீசுகிறது. அம்மோனியா விட்டால் மறுபடி புது எக்ஸ் கிடைக்கிறது.

இதே நாடகத்தை பெக்கரலும் யுரேனியத்தில் பார்த்திருந்தார். லண்டனில் க்ரூக்ஸ் 1900இல் யுரேனியத்திலிருந்து 'யுரேனியம் எக்ஸ்' பிரித்திருந்தார். பெக்கரலும் அப்படிப் பிரித்ததை ஒதுக்கி வைத்துவிட்டுப் பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, பிரித்தது மாண்டிருந்தது, யுரேனியம் மீண்டிருந்தது. பொருளைப் போட்டுவிட்டு மறப்பதில் அந்த மனிதருக்கு நோபல் பரிசே தரலாம். 1903இல் தந்தும் விட்டார்கள்.

மாண்ட்ரீல் ஆட்கள் இந்த முறை லீவு போடாமல் தினமும் அளந்தார்கள். எக்ஸ் சுமார் நான்கு நாளில் பாதியானது. தோரியம் அதே நான்கு நாளில் இழந்ததில் பாதியை மீட்டது. ஒரு கோடு இறங்குகிற கணக்குக்கு மற்றது ஏறுகிறது. கூட்டினால் எப்போதும் அதே தொகை. இதற்கு ஒரே அர்த்தம்தான். தோரியம் ஓயாமல் எக்ஸை உற்பத்தி செய்கிறது, எக்ஸ் ஓயாமல் அந்த எமனேஷன் வாயுவாகிறது, வாயுவும் இன்னொன்றாகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் அணு ஏதோ ஒன்றை வெளியே எறிகிறது, அதுதான் கதிர். சுட்டுப் பார்த்தார்கள், திரவக் காற்றில் உறையவைத்துப் பார்த்தார்கள், அமிலத்தில் முக்கினார்கள். வேகம் இம்மியும் மாறவில்லை. ரசவாதிகள் உலை மூட்டி, மந்திரம் சொல்லி, ராஜாவின் கஜானாவைக் காலி செய்து செய்ய முடியாததை, ஒரு துண்டு தோரியம் யார் சிபாரிசும் இல்லாமல் தானே செய்துகொண்டிருந்தது. அதைச் செய்யாதே என்று நிறுத்தவும் யாராலும் முடியாது. தங்கம் மட்டும் வரவில்லை. 1902, 1903இல் கட்டுரைகள் வெளியாயின. தலையை யாரும் சீவவில்லை.

ஒரு சின்னக் கூத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. தோரியம் நேராக எக்ஸைப் பெற்றது என்று இவர்கள் நினைத்தார்கள். 1905இல் லண்டனில் ஓட்டோ ஹான் என்ற ஜெர்மன் இளைஞர், நடுவில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று 'ரேடியோதோரியம்' என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். ரூதர்ஃபோர்டின் நண்பர் போல்ட்வுட், அது தோரியம் எக்ஸும் முட்டாள்தனமும் சேர்ந்த புதுக் கூட்டுப்பொருள் என்று கடிதம் எழுதினார். ஹான் சொன்னது சரி. அந்த நடு ஆள் தோரியமேதான், எடை நாலு குறைந்த தோரியம் 228. அதனால்தான் எந்த அம்மோனியாவும் அதை அசல் தோரியத்திடமிருந்து பிரிக்கவில்லை. எக்ஸோ உண்மையில் ரேடியம். எமனேஷன் ரேடான். ஆக, கிறிஸ்துமஸ் லீவில் இராப்பகலாக உழைத்தது தோரியம் 228, பேர் வாங்கியது தோரியம் 232.

பெரியவர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மெண்டலீவ், தான் போட்ட தனிம அட்டவணையில் குடித்தனம் இருப்பவர்கள் வீடு மாறுவதை ஒப்புக்கொள்ளவே இல்லை. கெல்வின் பிரபு இன்னும் பெரிய இடம். பூமி குளிர்ந்த வேகத்தைக் கணக்குப் போட்டு, அதன் வயது இரண்டிலிருந்து நாலு கோடி வருஷம், அதற்கு மேல் பைசா கூடத் தர மாட்டேன் என்று டார்வின் கட்சியைக் கதறடித்தவர். 1904இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ரூதர்ஃபோர்டு பேச எழுந்தால், அரையிருட்டில் கெல்வின் உட்கார்ந்திருக்கிறார். பேச்சின் கடைசிப் பகுதியோ ரேடியத்தின் சூட்டால் பூமியின் வயது எகிறும் என்பது. நல்லவேளை, கிழவர் தூங்கிப்போனார். சரியாக அந்த இடம் வந்ததும் எழுந்து நிமிர்ந்து ஒரு முறை முறைத்தார். ரூதர்ஃபோர்டுக்கு அந்த நொடியில் சரஸ்வதி கடாட்சம்: புதிய வெப்ப ஊற்று எதுவும் கண்டுபிடிக்கப்படாத வரையில்தான் தன் கணக்கு செல்லும் என்று கெல்வின் பிரபு அன்றே சொன்னார், அந்தத் தீர்க்கதரிசனம்தான் இன்று நாம் பேசும் ரேடியம்! கிழவர் முகம் மலர்ந்தது. அரசியலுக்கு வந்திருந்தால் ரூதர்ஃபோர்டு எங்கேயோ போயிருப்பார். கெல்வின் மட்டும் சளைக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து 'டைம்ஸ்' பத்திரிகையில் இந்த மாற்றக் கொள்கையை எதிர்த்துக் கடிதப் போரில் இறங்கினார். பூமியின் வயது கடைசியில் சுமார் 450 கோடி வருஷம் என்று தீர்ந்தது.

அணு எறிவது என்ன என்ற கேள்வி பாக்கி இருந்தது. ரூதர்ஃபோர்டு மான்செஸ்டருக்கு மாறியபின், பௌம்பாக் என்ற கண்ணாடிக் கலைஞர் ஊதித் தந்த குழாயில் விடை கிடைத்தது. காற்று புகாது, ஆனால் அணு எறியும் ஆல்ஃபா துகள் சுவரைத் துளைத்து வெளியேறும். அவ்வளவு மெல்லிய கண்ணாடி. உள்ளே ரேடான், வெளியே காலியான இன்னொரு குழாய். சில நாளில் வெளிக் குழாயில் ஹீலியத்தின் நிறக்கோடுகள் தெரிந்தன. ஆல்ஃபா என்பது ஹீலியம். 1908இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது, வேதியியலுக்கு! பௌதிகம் தவிர மற்ற விஞ்ஞானமெல்லாம் தபால்தலை சேகரிப்பு என்று சொன்னதாகப் பெயர் வாங்கியவருக்கு. தான் பார்த்ததிலேயே அதிவேக மாற்றம், பௌதிகக்காரனான தான் ஒரே நொடியில் வேதியியல்காரனாக மாறியதுதான் என்று விருந்தில் வழிந்து சமாளித்தார்.

1911இல் அணுக்கருவையும் அவரே கண்டுபிடித்தார். அதன்பின் கணக்கு வேகமாகத் தெளிந்தது. 1913இல் ஸாடியும் ஃபாயன்ஸும் வகுத்த விதி நம் பரமபத ஆட்டம்தான். கட்டத்தின் எண் அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை. ஆல்ஃபா பாம்பு: இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் வெளியே போய்விடும், இரண்டு கட்டம் கீழே சறுக்கல், எடையில் நாலு கழிவு. பீட்டா ஏணி: ஒரு எலக்ட்ரான் வெளியே பறக்கும், ஒரு கட்டம் மேலே, எடை அப்படியே. தோரியம் 232 தொண்ணூறாம் கட்டத்தில் காய் வைக்கிறது. பாம்பு கடித்து 88. இரண்டு ஏணி ஏறி மறுபடி 90; இதுதான் ஹானின் நடு ஆள். அடுத்து வரிசையாக நாலு பாம்பு: 88, 86, 84, 82. திரும்ப இரண்டு ஏணி, 84. கடைசிப் பாம்பில் 82. (83ஆம் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அணுக்கள் முதலில் பாம்பு, பிறகு ஏணி என்று குறுக்கே போகும், சேரும் இடம் ஒன்றே.) மொத்தம் ஆறு பாம்பு, நாலு ஏணி, முடிவில் ஈயம் 208. முதல் சறுக்கலுக்கு அரை ஆயுள் சுமார் 1400 கோடி வருஷம். கடைசிச் சறுக்கலுக்கு ஒரு நொடியைப் பத்து லட்சமாக உடைத்தால் அதில் ஒன்று கூட ஆகாது. ஈயத்தைத் தங்கமாக்க அலைந்தவர்களுக்குத் தோரியம் அரும்பாடுபட்டுக் கொடுத்தது ஈயம்.

ஒரே கட்டத்தில் வேறுவேறு எடையோடு பலர் நிற்கலாம் என்பது தெரியாமல் அவஸ்தைப்பட்டவர் ஹெவெசி என்ற ஹங்கேரியர். ஈயக் குவியலிலிருந்து 'ரேடியம் டி' என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்துத் தா பார்க்கலாம் என்று ரூதர்ஃபோர்டு பணித்தார். இரண்டு வருஷம் மல்லுக்கட்டியும் பிரியவில்லை. ரேடியம் டி என்பதே ஈயம்தான். மனிதர் மனம் தளரவில்லை. பிரிக்கவே முடியாதென்றால், எதோடு கலந்தாலும் கதிரைக் கொண்டு பின்தொடரலாமே என்று தோன்றியது. மான்செஸ்டர் விடுதியில் வீட்டுக்காரம்மா ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தைத்தான் வாரம் முழுக்கச் சாப்பாடாகப் போடுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். அம்மா மறுத்தார். ஹெவெசி தட்டில் விட்ட மிச்சத்தில் துளி கதிரியக்கம் கலந்தார். சில நாள் கழித்துப் புது அயிட்டம் என்று வந்த தட்டின் அருகே கருவியை வைத்தார். சாட்சி சொல்லிவிட்டது. கதிரியக்கத் தடம்பிடிப்புக்காக 1943ஆம் வருஷ வேதியியல் நோபல் பரிசு அவருக்கு வந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு எந்தக் குழுவும் எதுவும் தரவில்லை.

ஏணிதான் கடைசிவரை தகராறு செய்தது. பீட்டாவாக எலக்ட்ரான் வெளியே வருகிறதே, அப்படியானால் அணுக்கருவுக்குள் எலக்ட்ரான் குடியிருந்திருக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் நம்பினார்கள். அதைவிட மானக்கேடு, வரவு செலவு உதைத்தது. ஒரே வகை அணுக்கரு, ஒரே மாற்றம், ஆனால் எலக்ட்ரான் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு ஆற்றலோடு வருகிறது, மிச்சம் எங்கே? நீல்ஸ் போர், ஆற்றல் அழியாது என்ற விதியையே கைகழுவத் தயாரானார். 1930 டிசம்பரில் ட்யூபிங்கனில் கூடிய கதிரியக்கக்காரர்களுக்கு வொல்ஃப்காங் பவுலி ஒரு கடிதம் அனுப்பினார். சீமான்களே சீமாட்டிகளே என்று விளிக்கிற இடத்தில், கதிரியக்கச் சீமான்களே சீமாட்டிகளே என்று. எலக்ட்ரானோடு, மின்சாரமற்ற, கண்ணில் படாத இன்னொரு துகளும் தப்பிப்போகிறது. திருட்டு அதன் கையில் என்பது சாரம். நேரில் வர முடியாததற்குக் காரணமும் எழுதியிருந்தார்: சூரிச்சில் அன்றிரவு நடன விருந்து இருக்கிறது, தான் இல்லாமல் நடக்காது.

1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அடுத்த வருஷத்துக்குள் ஃபெர்மி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எலக்ட்ரான் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. அந்தக் கணத்தில்தான் எலக்ட்ரானும் பவுலியின் கள்ளத் துகளும் பிறக்கின்றன. நியூட்ரான் ஒன்று குறைந்து புரோட்டான் ஒன்று கூடியதால் ஒரு கட்டம் மேலே. கட்டுரையை 'நேச்சர்' பத்திரிகை, நிஜத்துக்கு ரொம்ப தூரம் என்று திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். கள்ளத் துகளுக்கு நியூட்ரினோ என்று பெயர் நிலைத்தது. அதைப் பிடிக்கவே முடியாது என்று ஒரு பெட்டி ஷாம்பெய்ன் பந்தயம் வைத்திருந்தார் பவுலி. 1956 ஜூனில் ரைன்ஸும் கோவனும் பிடித்துவிட்டோம் என்று தந்தி அடித்தார்கள். ஜெனீவாவில் நடந்துகொண்டிருந்த கூட்டத்தை நிறுத்திப் பவுலி அதை உரக்க வாசித்தார். தோற்ற பந்தயத்தின் பெட்டியை அவரே நண்பர்களோடு உட்கார்ந்து காலி செய்தார் என்று கேள்வி.